உங்கள் படங்களில் தண்ணீரைக் காணோம்

விலங்கியல் பாடநூல் எழுதுவோருக்கும், அதற்குப் படம் வரைவோருக்கும்,

வணக்கம்.

கடற்பஞ்சு (ஸ்பாஞ்ச்) என்ற கடல் விலங்கின் பாடத்தை எத்தனையோ வருடமாக நடத்துகிறேன். ஒவ்வொரு வருடமும் பாடம் முடிந்ததும் ஒரே கேள்வியைக் கேட்பேன்: "இதற்குள் தண்ணீர் எந்தப் பக்கமாகப் போகிறது?" வகுப்பில் முக்கால்வாசிப் பேர் மேலே இருக்கும் பெரிய திறப்பைத்தான் காட்டுவார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. நீங்கள் வரைந்திருக்கும் படம் பார்ப்பதற்குக் குடம் மாதிரி இருக்கிறது. குடம் மேல்வழியாகத்தானே நிரம்பும்? ஆஸ்டியா (பக்கத்துத் துளைகள்), ஆஸ்குலம் (மேல்திறப்பு), ஸ்பாஞ்சோசீல் (நடுக்குழி) என்று பாகங்களின் பெயர் எல்லாம் இருக்கின்றன. ஒரே ஓர் அம்புக்குறிதான் இல்லை.

அந்த அம்புக்குறிக்காகத்தான் இந்த மடல். கடற்பஞ்சு மட்டுமில்லை, நீர்வாழ் முதுகெலும்பற்றவை என்ற அத்தியாயம் முழுவதையுமே தண்ணீர் இல்லாமல் வரைந்து வைத்திருக்கிறீர்கள். வெள்ளைத் தாளில் கருப்புக் கோடு, பக்கவாட்டில் பெயர்கள். இந்த விலங்குகளுக்கு எலும்பு, இரத்த ஓட்டம், எஞ்சின், சாப்பாட்டு வண்டி எல்லாமே தண்ணீர்தான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மனப்பாடம் செய்ய வேண்டிய பெயர்ப்பட்டியல்.

கடற்பஞ்சையே முதலில் முடித்துவிடுகிறேன். அதன் உள்சுவரில் கழுத்துப்பட்டை போட்ட மாதிரி சின்னச் சின்ன செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சாட்டை போன்ற ஒரு கசையிழை. எந்த இழையும் பக்கத்து இழையோடு தாளம் சேர்ந்து ஆடுவதில்லை. அதது அதன் போக்கில் சுழற்றுகிறது. அத்தனையும் சேரும்போது பக்கவாட்டுத் துளைகள் வழியே நீர் உள்ளே இழுக்கப்பட்டு, வடிகட்டப்பட்டு, மேல்திறப்பு வழியே வெளியேறுகிறது. முக்குளிப்பவர்கள் கடற்பஞ்சின் ஓரமாகக் கொஞ்சம் சாயநீரைப் பீய்ச்சிக் காட்டும் காணொளிகள் இருக்கின்றன. சில நொடிகளில் அந்தச் சாயம் புகைபோக்கியில் புகை வருவது போல மேலே கிளம்பும். என் வகுப்பில் அதைப் போட்டுக் காட்டிய வருடம் அந்தக் கேள்வியை நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1907-இல் எச். வி. வில்சன் என்ற விலங்கியலாளர் உயிருள்ள கடற்பஞ்சை மெல்லிய துணியில் பிழிந்து செல்செல்லாகப் பிரித்தார். தட்டின் அடியில் தங்கிய செல்கள் ஊர்ந்து ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து மறுபடி சிறு கடற்பஞ்சுகளாயின. "துளையுடலிகள், எளிய உடலமைப்பு" என்று ஒரு வரியில் தாண்டிப் போகிற விலங்கு இது.

அடுத்தது நட்சத்திர மீன். பழந்தமிழில் மீன் என்றால் நட்சத்திரம் என்றும் பொருள் உண்டு. அப்படிப் பார்த்தால் இந்தப் பெயர் 'நட்சத்திர நட்சத்திரம்' என்றாகிறது. மீனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம், அது பரவாயில்லை. என் வருத்தம் வேறு. அதை எப்போதும் முதுகுப்புறமாகவே வரைகிறீர்கள். நடக்கிற வேலை எல்லாம் அடிப்புறத்தில்.

ஒருமுறை கண்ணாடித் தொட்டி ஒன்றின் சுவரில் ஒட்டியிருந்த நட்சத்திர மீனை வெளிப்பக்கமிருந்து அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கையின் நடுவிலும் ஒரு பள்ளம். அதன் இருபுறமும் நூற்றுக்கணக்கான குழாய்க்கால்கள், நுனியில் சிறு வட்டத்தட்டோடு. ஒரு கால் நீண்டு, கண்ணாடியைத் தடவி, ஒட்டி, சாய்ந்து, விட்டது. பக்கத்துக் கால் அதே நேரத்தில் வேறு ஏதோ செய்துகொண்டிருந்தது. ஒழுங்கான அணிவகுப்பு இல்லை, ஆனாலும் மொத்த உடம்பும் ஒரு திசையில் நகர்ந்துகொண்டிருந்தது. உள்ளே நடப்பது இதுதான்: ஒவ்வொரு காலுக்கும் மேலே ஒரு சின்னப் பை. பை சுருங்கினால் அதிலுள்ள நீர் காலுக்குள் பாய்ந்து கால் நீள்கிறது. காலின் தசை சுருங்கினால் நீர் பைக்குத் திரும்பிக் கால் குறுகுகிறது. பைகளை எல்லாம் இணைக்கும் குழாய்கள் கைகள் வழியே ஓடி, வாயைச் சுற்றிய வளையத்தில் சேர்கின்றன. முதுகிலுள்ள சல்லடைத் தட்டு அந்த ஏற்பாட்டைக் கடலோடு இணைக்கிறது. உள்ளே இருக்கும் திரவமும் கிட்டத்தட்டக் கடல்நீர்தான்.

இதில் ஒரு திருத்தமும் தேவை. குழாய்க்கால் வெற்றிடம் உண்டாக்கி உறிஞ்சி ஒட்டிக்கொள்கிறது என்று இன்னமும் அச்சிடுகிறீர்கள். முக்கியமாக அது பசை போட்டுத்தான் ஒட்டுகிறது. விடுவதற்கு வேறொரு சுரப்பு இருக்கிறது. கால் எடுத்த இடத்தில் பசையின் தடம் தங்கிவிடும். ஒரு வாக்கியத்தை மாற்றினால் போதும், படத்தைக்கூட மாற்ற வேண்டாம்.

ஜெல்லி மீனுக்கு வருகிறேன். அது சுமார் 95 சதவீதம் நீர் என்று எழுதியிருக்கிறீர்கள், சரி. அந்த நீர் அங்கே என்ன செய்கிறது என்று எழுதவில்லையே? இரண்டு மெல்லிய செல் அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் கூழ், நீரைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு மீள்பொருள். குடையைச் சுருக்கத் தசை உண்டு. விரிக்கத் தசை கிடையாது. தசை தளர்ந்ததும் அழுத்தப்பட்ட கூழ் தானாகவே பழைய வடிவத்துக்கு வந்து குடையை விரித்துவிடுகிறது. கரையில் ஒதுங்கிய ஜெல்லி மீன் தட்டையான கொழகொழப்பாகக் கிடப்பதும், தண்ணீரில் அதே உடம்பு குடையாக நிற்பதும் ஏன் என்று பிள்ளைகளுக்கு இதை வைத்தே புரிய வைக்கலாம்.

ஜெல்லி மீனின் கொட்டும் செல்லின் படமும் இப்படித்தான். சுருண்ட நூலை ஸ்பிரிங் போல வரைந்திருப்பதால், மூடி திறந்ததும் ஸ்பிரிங் துள்ளுகிறது என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். ஜெல்லி மீனின் உறவான ஹைட்ரா என்ற சின்ன நன்னீர் உயிரியில் அளந்து பார்த்திருக்கிறார்கள். நூல் சுருண்டிருக்கும் கூட்டுக்குள் இருக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல சுமார் 150 மடங்கு. உள்ளே செறிவான கரைசல், அதை நோக்கி இழுபட்டு வரும் நீர், விடாமல் தாங்கும் சுவர். மூடி திறந்து கூர்முனை வெளியே பாய ஆகும் நேரம் சுமார் 700 நானோ நொடி. ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறுகூட இல்லை. நரம்புச் செல்கள் வலையாகப் பரவியிருக்கிற, மூளையே இல்லாத ஓர் உடம்பில் இந்த வேகம்!

சிப்பியின் செவுளுக்கு நேரே "சுவாசம்" என்று மட்டும் எழுதியிருப்பதையும் பாருங்கள். அந்தச் செவுள்தான் சல்லடையும். அதிலுள்ள நுண்ணிழைகள் நீரோட்டத்தை உண்டாக்கி, மிதக்கும் நுண்ணுயிர்களைச் சளியில் பிடித்து வாய்க்குத் தள்ளுகின்றன. தலையே இல்லாத விலங்கு இரை தேடிப் போக வேண்டாம், இரை வந்து சேரும். கடல் அட்டை ஆசனவாய் வழியாக நீரை உள்ளிழுத்து, உடலுக்குள் மரம் போலக் கிளைத்த குழல்களால் சுவாசிக்கிறது. இதை ஏன் பாடத்தில் சேர்க்கவில்லை என்று தெரியவில்லை, கூச்சமா? ஒருமுறை சொன்னால் போதும், எந்தப் பிள்ளையும் மறக்காது.

பாறையில் ஒட்டியிருக்கும் பார்னக்கிளை மூடிய ஓடாக, கல் மாதிரி வரைந்திருக்கிறீர்கள். உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ்கூட அதை நத்தை, சிப்பி போன்ற மெல்லுடலிகளோடு சேர்த்தவர்தான், உங்களை மட்டும் சொல்ல முடியாது. 1830-இல் தாம்சன் என்ற ஆய்வாளர் அதன் நீந்தும் இளவுயிரியை (லார்வா) பார்த்து, இது இறால், நண்டின் உறவு என்று கண்டார். அந்த இளவுயிரி தலைப்பக்கத்தால் பாறையில் ஒட்டிக்கொண்டு, பிறகு காலமெல்லாம் தலைகீழாகவே வாழ்கிறது. நீர் ஏறியதும் ஓடு திறந்து, இறகு போன்ற கால்கள் வெளியே வந்து துழாவி இரையை அள்ளும். டார்வின் இந்தக் கூட்டத்தை ஆராய எட்டு வருடம் செலவழித்தார். நீங்கள் ஓடு திறந்திருப்பது போலவாவது ஒரு படம் வரையலாம்.

எங்கள் ஆய்வகத்தில் ஃபார்மலின் புட்டியில் ஓர் ஆக்டோபஸ் இருக்கிறது. வெளுத்து, சுருங்கி, பிழிந்து வைத்த துணி மாதிரி. உங்கள் படமும் அதைப் பார்த்து வரைந்தது போலத்தான் தெரிகிறது. மூன்று இதயம், நீல இரத்தம் என்று அடுக்குகிறீர்கள். இரண்டு இதயங்கள் செவுள்களுக்கும் ஒன்று மற்ற உடம்புக்கும் இரத்தத்தைத் தள்ளுகின்றன. இரத்தத்தில் செம்பு இருப்பதால் நீலம். அதெல்லாம் சரி. மேன்டில் எனப்படும் தசைப் பைக்குள் வாங்கிய அதே நீரில்தான் அது மூச்சும் விடுகிறது, அதையே குழல் வழியே பீய்ச்சி நீந்தவும் செய்கிறது. அப்படி நீந்தும்போது உடம்புக்கான இதயம் நின்றுவிடுகிறது. அதனால்தான் பெரும்பாலும் ஊர்ந்தே போகிறது. முதலில் சொன்ன மூன்று இதயம் இப்போது எதற்கென்று புரிகிறது இல்லையா?

புது அத்தியாயம் எழுதச் சொல்லவில்லை, பக்கக் கணக்கு உங்களுக்கு இருக்கும். இருக்கிற படங்களிலேயே நீல நிறத்தில் அம்புக்குறிகள் போடுங்கள். வண்ணம் அச்சிட முடியாதென்றால் புள்ளிக்கோடாவது போதும். நட்சத்திர மீனை ஒருமுறை புரட்டி வரையுங்கள். எல்லாம் முடியாதென்றால் கடற்பஞ்சை மட்டுமாவது திருத்துங்கள்: பக்கத்துத் துளைகளில் உள்நோக்கி, மேல்திறப்பில் வெளிநோக்கி.

இப்படிக்கு,
ஒரு விலங்கியல் ஆசிரியர்