கடைமடைக்கு வந்த தண்ணீரையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காலையில் பேப்பர் வந்ததும் என் கண் முதலில் போவது வைகை அணை நீர்மட்டம் போடுகிற சின்னப் பெட்டிக்குத்தான். நயினார்கோவில் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. இரண்டு ஏக்கர் கண்மாய்ப் பாசனத்தில் நெல், மேட்டில் ஒரு ஏக்கர் குண்டு மிளகாய். அணை ஆண்டிபட்டிப் பக்கம், நாங்கள் ஆற்றின் வாலில். அணையில் 60 அடி என்று படித்தால் அன்றைக்கு மனசு நிறைந்துவிடும். அந்தத் தண்ணீர் எங்கள் மடைக்கு வந்ததா, வராமல் போனதா என்று மட்டும் எந்தப் பேப்பரிலும் வருவதில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மார்கழி. புரட்டாசியில் புழுதியில் விதைத்த நெல், ஐப்பசி மழையில் முளைத்து நன்றாகத்தான் வந்தது. கார்த்திகையில் மழை நின்றுபோனது. கதிர் பால் பிடிக்கிற நேரம் கண்மாயில் மடையின் அடிக்கல் தெரிந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு தண்ணி கிடைத்தால் பயிர் பிழைத்துவிடும். அணை திறந்தாச்சு, ஆற்றின் குறுக்கே தண்ணீரைப் பிரித்துவிடும் பார்த்திபனூர் மதகணைக்கு வந்தாச்சு என்றார்கள். ஐந்து ராத்திரி, கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வரத்துக்காலில் டார்ச் லைட்டோடு உட்கார்ந்திருந்தோம்.

ஆறாம் நாள் விடியும்போது வந்தது. காய்ந்த கால்வாயில் வருகிற தண்ணீருக்கு முதலில் சத்தமே இருக்காது. கரம்பை வெடிப்புக்குள் இறங்கி இறங்கித்தான் வரும். மண்ணுக்குள்ளிருந்து கொப்புளம் கொப்புளமாகக் காற்று வெளியேறும், புது மண் வாசம் அடிக்கும். பிறகுதான் நுரையும் சருகும் சீமைக்கருவேல நெற்றுமாக அதன் தலை தெரியும். அந்தக் குப்பைக்குப் பின்னால் அரை முழம் தண்ணீர் வந்தது. மத்தியானத்துக்குள் அதுவும் நின்றுவிட்டது. கண்மாய்க்குள் நாலு எட்டுகூட ஏறவில்லை. அந்த வருஷம் இரண்டு ஏக்கரிலும் சேர்த்து எனக்குக் கிடைத்தது பதர் கலந்த நாலு மூட்டை நெல்லும் மாட்டுக்கு வைக்கோலும்.

கோபம் தாங்காமல் நானும், மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடுகிற எங்கள் ஊர் நீர்பாய்ச்சியும் வண்டியை எடுத்துக்கொண்டு பார்த்திபனூரைத் தாண்டி ஆற்றோரமாகவே மேலே போனோம். அடுத்த மாவட்டம். ஓர் ஊர்க் கால்வாயின் தலைவாயில் ஷட்டர் தூக்கியிருந்தது. எங்கள் மாவட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற முறை நடக்கிற நாள் அது. ஊர்ப் பெயர் வேண்டாம். சண்டை போடத்தான் போனேன். அங்கே மண்வெட்டியோடு நின்ற விவசாயி, “அக்கா, முதல்ல எங்க கம்மாயை வந்து பாருங்க. பாதிகூடப் பெருகல. இன்னைக்கு அடைச்சா மறுபடி என்னைக்கு விடுவாங்கன்னு எங்களுக்கு யாரு சொன்னா? சொல்லியிருந்தா நாங்க ஏன் ராத்திரியில வந்து தூக்குறோம்?” என்றார். போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது நிஜம். என் வயலைப் போலவே அவர் வயலும் வெளுத்துப்போய் நின்றது. சண்டை போட வாய் வரவில்லை. அடுத்த முறை இன்ன தேதி என்று அவர் கையில் ஒரு தாள் இருந்திருந்தால் அன்றைக்கு அவர் அடைத்திருப்பார் என்று இன்றும் நம்புகிறேன்.

திரும்பி வந்து ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னேன். “அந்த ஷட்டர் நம்ம மாவட்டத்துல இல்லையேம்மா” என்று பதில் வந்தது. சொன்னவர் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர் கை அவ்வளவுதான் நீளும்.

நாங்கள் புதிதாக எதுவும் கேட்கவில்லை. வைகைப் பூர்வீகப் பாசனத்தில், அதாவது வைகையின் பழைய பாசன நிலங்களுக்கு, தண்ணீரைப் பன்னிரண்டு பாகமாக்கி ராமநாதபுரத்துக்கு ஏழு, சிவகங்கைக்கு மூன்று, மதுரைக்கு இரண்டு என்று ஏற்கெனவே கணக்கு இருக்கிறது. பார்த்திபனூர் மதகணையிலிருந்து ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரை உள்ள மூன்றாம் பகுதியில் மட்டும் 67,837 ஏக்கர். கணக்கு தாளில் சரியாக இருக்கிறது. ஆற்றில் மணல் அள்ளி அள்ளிப் படுகை பள்ளமாகி, பல இடங்களில் கால்வாய்த் தலைவாய் மேட்டில் நிற்கிறது. கருவேல் மூடிய கால்வாய்களில் தண்ணீர் நகரவே மாட்டேன் என்கிறது. மதுரைச் சாக்கடையும் ஆகாயத்தாமரையும் வேறு. இதில் ஏழு பாகம் ஏழாகவே வந்து சேர்ந்ததா என்று கடைசி மடையில் நின்று அளந்து சொல்ல ஆளில்லை.

என் மாமனார் காலத்தில் இந்த ஆறு இரண்டே கலெக்டர்களின் கையில் இருந்தது. 1985 வரை சிவகங்கை எங்கள் ராமநாதபுரம் மாவட்டம்தான். திண்டுக்கல்லும் தேனியும் மதுரை மாவட்டம். வருசநாட்டு மலையிலிருந்து ஆற்றங்கரை என்கிற ஊரில் கடல் சேரும் வரை 258 கிலோமீட்டரும் அந்த இரண்டு பேர் பேசினால் முடிந்துவிடும். இன்றைக்கு ஐந்து மாவட்டம். மக்கள் வசதிக்குப் பிரித்தது நல்லதுதான், ஒரு சான்றிதழுக்காக நாள் முழுக்கப் பஸ்ஸில் போன கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் ஆறு இன்னமும் ஒன்றுதானே!

ஐந்து மாவட்டமும் ஒரே நாளில் ஒன்றுசேர்வதை நான் பார்த்திருக்கிறேன். 71 அடி அணையில் தண்ணீர் 66 அடி தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டத்துக்கும் உடனே தகவல் பறக்கிறது. கரையோரக் கிராமங்களில் தண்டோரா போடுகிறார்கள். உங்கள் பேப்பரில் முதல் பக்கத்தில் வருகிறது. வெள்ளத்துக்கு இருக்கிற இந்த ஏற்பாடு, தண்ணீர் பற்றாத வருஷத்துக்கு ஏன் இல்லை? அணையில் 50 அடிதான் இருக்கிறது, இந்த வருஷம் இத்தனை நாள்தான் விட முடியும், இன்ன கண்மாய்க்கு இன்ன தேதி என்று அதே ஐந்து மாவட்டத்துக்கும் தண்டோரா போட முடியாதா?

இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் 2000-இலேயே வந்துவிட்டது. நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம், அதற்கு மேல் பகிர்மானக் குழு, அதற்கு மேல் திட்டக்குழு என்று அதில் படி வைத்திருக்கிறார்கள். அணை திறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் ஐந்து மாவட்ட அதிகாரிகளும், மேல்மடை, கடைமடை விவசாயிகளும் ஓரிடத்தில் உட்கார்ந்து தேதி குறிக்கட்டும். எங்கள் ஊருக்குள் தண்ணீர் குறைந்த வருஷத்தில் கடைசி வயல் நனைந்த பிறகுதான் மடையடி வயலுக்குத் திறப்போம். நீர்பாய்ச்சிக்கு அந்தக் கண்மாய் பாய்கிற ஆயக்கட்டில் சொந்த நிலம் இருக்கக் கூடாது. ஒரு கண்மாய்க்குள் நடக்கிற இந்த முறை ஒரு ஆற்றுக்கு நடக்காமல் போகாது. எங்கள் முறை நடக்கும் நாளில் சிவகங்கை விவசாயி ஒருவரும், அவர்கள் முறையில் எங்கள் ஆள் ஒருவரும் ஷட்டர் பக்கத்தில் இருக்கட்டும். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தவர் தண்ணீரில்தான் நாங்கள் பிழைக்கிறோம் என்பதை ஒருநாளும் மறந்ததில்லை. 1895-இலிருந்து மேற்கே ஓட வேண்டிய பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து வைகையில் சேர்கிறது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், ஓடை மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிறைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். 2009-இல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அதிலிருந்து திருச்சிக் காவிரித் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். குழாயில் நேரங்கெட்டு வந்தாலும் அது ஏதோ ஒரு ஊர்க்காரர் விட்டுக்கொடுத்த தண்ணீர் என்று என் பேத்திக்குச் சொல்லியிருக்கிறேன்.

காவிரி - வைகை - குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கரூர் பக்கம் காவிரிக்கரை மாயனூரிலிருந்து 262 கிலோமீட்டர் கால்வாய். அது சீக்கிரம் முடிய வேண்டும் என்று வேண்டாத விவசாயி எங்கள் பக்கத்தில் இல்லை. ஆனால் இருக்கிற வைகையில் முறை வைக்கத் தெரியாமல் காவிரி வெள்ளத்தையும் கொண்டுவந்து விட்டால், ராத்திரியில் தூக்குகிற ஷட்டர்களின் எண்ணிக்கைதான் கூடும். கால்வாய் வந்து சேர்வதற்குள் பங்கிடும் ஏற்பாடு தயாராக இருக்க வேண்டும்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பெட்டியில் அணை நீர்மட்டத்துக்குக் கீழே இன்னும் இரண்டு வரி சேருங்கள். பார்த்திபனூர் மதகணைக்கு நேற்று எத்தனை கன அடி வந்தது, ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு எத்தனை கன அடி போய்ச் சேர்ந்தது. பாசனம் நடக்கிற நாட்களில் மட்டும் போட்டால் போதும். மேல்மடையில் திருப்புவனத்தில் இருப்பவரும் படிப்பார், நாங்களும் படிப்போம்.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசன விவசாயி ஒருத்தி,
நயினார்கோவில் வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்.