‘வைரஸ்’ விமானம்: வேறுபாடு எஞ்சினில் மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என்.சி.சி. மாணவர்களின் இருவர் இருக்கைப் பயிற்சி விமானம் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியில், ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரல் நிறுவனத்தாருடைய ‘வைரஸ்’ ரகங்கள் யாவும் எஞ்சின் திறனில் மட்டுமே மாறுபடுபவை எனக் குறிப்பிடப்பட்டிருந்தது. அது சரியன்று. அந்த வரிசையின் வரலாறே இறக்கையின் நீளத்தைக் குறைத்துக்கொண்டே வந்த வரலாறுதான்.

முதலில் வந்தது ‘சைனஸ்’. 15 மீட்டர் அளவுக்கு நீண்ட இறக்கை கொண்ட அது, எஞ்சினை அணைத்துவிட்டால் கிளைடராகவே மிதக்கும். ஒரு மீட்டர் உயரம் இழப்பதற்குள் ஏறத்தாழ 27 மீட்டர் முன்னேறிவிடும். ஏறக்குறைய அதே உடலில் இறக்கையை 12.5 மீட்டராகச் சுருக்கியபோது 1999-இல் ‘வைரஸ்’ பிறந்தது. (நோய்க்கிருமியின் பெயரை ஒரு விமானத்துக்கு ஏன் வைத்தார்களோ, நம் நாட்டில் அதைக் ‘கருட்’ என்று அழைப்பது எவ்வளவோ மேல்.) பின்னர் 10.7 மீட்டராகக் குறைத்ததே எஸ்.டபிள்யூ. ரகம், அவ்வெழுத்துகள் குறிப்பதே குட்டை இறக்கையைத்தான். மிதக்கும் தன்மை குறைந்தது, வேகம் கூடியது. 2015-இல் இந்தியா ஒப்பந்தம் செய்த 194 விமானங்கள் இந்த ரகத்தின் 80 குதிரைத்திறன் வடிவம். அவற்றுள் 110 என்.சி.சி.க்கானவை.

இறக்கை என்ன செய்யும் என்பதைப் பக்கத்து இருக்கையில் இருந்து நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஓடுதளம் நெருங்கியும் விமானம் கீழே இறங்க மனமில்லாததுபோல் மிதந்துகொண்டே இருந்தது. பயிற்சியாளர் தலைக்கு மேலே, இரு இருக்கைகளுக்கும் நடுவில் தொங்கிய கைப்பிடியைப் பற்றி இழுத்தார். இறக்கைகளின் மேற்புறத்தில் ஏர்பிரேக் தகடுகள் எழுந்து நின்றதும், படிக்கட்டில் இறங்குவதுபோல் விமானம் சட்டென்று தாழ்ந்தது. அதே நிறுவனம் பயிற்சிக்கென்றே எளிமையாக்கிய ‘ஆல்ஃபா டிரெய்னர்’ ரகத்தில் இந்த ஏர்பிரேக் கிடையாது. ஒன்றில் பழகிய மாணவர் மற்றதில் ஏறினால் தரையிறங்கும் கணக்கையே புதிதாகப் போட வேண்டியிருக்கும்.

எடையும் கவனிக்கத்தக்கது. ஐரோப்பாவில் நெடுங்காலம் இவ்வகை விமானங்களுக்கு, அவசரப் பாராசூட் உட்பட 472.5 கிலோ என்பதே உச்ச வரம்பாக இருந்தது. கார்பன் இழைக் கட்டுமானத்தால் வெற்று எடை 290 கிலோவுக்குள் அடங்கினாலும், இரண்டு பேருக்கும் பெட்ரோலுக்கும் சேர்த்து எஞ்சுவது 180 கிலோ சொச்சம்தான்.

எஞ்சின் மாற்றத்தைப் பெரிதாகச் சொல்ல வேண்டிய இடம் ஒன்று உண்டு. செய்தியில் அது ஒரு வரியோடு முடிந்துவிட்டது. 2020 ஜூனில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பின் வகைச் சான்றிதழை (ஒரு விமான வடிவமைப்பு பாதுகாப்பானது என்னும் ஒப்புதலை) பெற்ற, அதே நிறுவனத்தின் ‘வேலிஸ் எலக்ட்ரோ’, அத்தகைய சான்றிதழ் பெற்ற உலகின் முதல் மின்சார விமானம். இறக்கை அதே 10.7 மீட்டர்தான். அனுமதிக்கப்பட்ட எடை 600 கிலோவாக உயர்ந்தும், பேட்டரிகளோடு அதன் வெற்று எடையே 428 கிலோ ஆகிவிடுவதால், ஏற்றக்கூடிய சுமை 172 கிலோவில் நின்றுவிடுகிறது. பறக்கும் நேரமும் ஒரு மணிக்குள்தான். கனத்த இருவர் ஏறும் நாளில் பெட்ரோலைக் குறைத்து நிரப்பிச் சமாளிக்கலாம். பேட்டரியில் பாதியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பறக்க முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளர்,
கோயம்புத்தூர்.