கேள்வியை எப்போது கேட்கலாம் என்றாவது சொல்லுங்கள்

மாண்புமிகு பிரிட்டன் பிரதமர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோவுக்கு வந்து இருபது வருடம் ஆகப்போகிறது. ஊரிலிருந்து போன் பண்ணும் அத்தை இன்னமும் "லண்டன்ல குளிரா?" என்றுதான் விசாரிக்கிறார். திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது. அத்தையை விடுங்கள். நீங்களும் எல்லாவற்றையும் லண்டன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறீர்களோ என்ற சந்தேகத்தில்தான் இந்த மடல்.

என் மகளுக்குப் போன மாதம் பதினாறு முடிந்தது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலில் பதினாறிலேயே ஓட்டு உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்த கையோடு வந்து, "அம்மா, எத்தனை சீட் ஜெயித்தால் மறுபடி சுதந்திரத்துக்கு வாக்கெடுப்பு வைப்பார்கள்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "சரி, யாருக்குத் தெரியும்?" என்றாள். அதனால் உங்களைக் கேட்கிறேன்.

தனிநாடு கேட்கும் கட்சிக்காரி என்று என்னை ஒதுக்கிவிடாதீர்கள். 2014 செப்டம்பர் 18 அன்று, ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா என்ற வாக்கெடுப்பில் 'வேண்டாம்' என்று போட்டவள் நான். அப்போது கையில் இந்தியப் பாஸ்போர்ட்தான். காமன்வெல்த் குடிமக்கள் என்பதால் எங்களுக்கும் ஓட்டு இருந்தது. பக்கத்துத் தடுப்பில் நின்று என் வீட்டுக்காரர் 'ஆம்' போட்டார். "உன் ஓட்டும் என் ஓட்டும் கழிந்துபோச்சு, வீட்டிலேயே உட்கார்ந்து டீ குடித்திருக்கலாம்" என்றார் திரும்பி வரும்போது. அவர் ஒட்டிய 'யெஸ்' ஸ்டிக்கர் ஃப்ரிட்ஜ் கதவில் பாதி கிழிந்து இன்னும் இருக்கிறது. நாட்டுக் கணக்கு 55.3க்கு 44.7. கிளாஸ்கோ அவர் பக்கம், ஸ்காட்லாந்து என் பக்கம். நான் ஜெயித்தேன் என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நான் ஏன் 'வேண்டாம்' போட்டேன்? பவுண்டு என்ன ஆகும், பென்ஷன் என்ன ஆகும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் ஐரோப்பா. தனியாகப் போனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் இடம் கிடைப்பது மிகமிகக் கடினம், ஏறக்குறைய முடியாது என்று அன்றைய ஐரோப்பிய ஆணையத் தலைவர் பரோசோவே டிவியில் சொன்னார். உங்கள் தரப்பும் அதையே வீடு வீடாகச் சொன்னது. நம்பினேன்.

நம்பிய இன்னொருத்தி என்னோடு பராமரிப்பு இல்லத்தில் நைட் ஷிஃப்ட் பார்த்த போலந்துக்காரத் தோழி. 2014இல் அவளுக்கும் ஓட்டு இருந்தது, அவளும் 'வேண்டாம்' போட்டாள். இரண்டு வருடம் கழித்து ஐரோப்பாவில் இருப்பதா, வெளியேறுவதா என்ற வாக்கெடுப்பு வந்தது. எனக்கு வாக்காளர் அட்டை தபாலில் வந்தது, அவளுக்கு வரவில்லை. ஐரோப்பியக் குடிமக்களில் மூன்று நாட்டாரைத் தவிர யாருக்கும் அதில் ஓட்டு இல்லை என்றார்கள். என் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தாள். அவள் இந்த நாட்டில் இருக்கலாமா என்பதை இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்த நான் போய் முடிவு செய்துவிட்டு வந்தேன், பிரதமர் அவர்களே. ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் 'இருப்போம்' என்றோம். பிரிட்டனின் மொத்தக் கணக்கில் வெளியேறினோம்.

2019இல், பதினோரு வருடமாக இந்த ஊர்ப் பெரியவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டியவள், இங்கே தங்க அனுமதிக்கும்படி மனு போட வேண்டியிருந்தது. மனு போடும் ஆப் அப்போது ஐபோனில் வேலை செய்யாது. அவளிடம் இருந்தது ஐபோன். என் போனை வாங்கி, விடிகாலை நாலு மணிக்கு ஓய்வறையில் கெட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, பாஸ்போர்ட்டில் உள்ள சிப் பதிவதற்காக அதன் மேல் போனை வைத்துவைத்து எடுத்தாள். ஒரு தடவை பதியவில்லை, இரண்டாம் தடவையும் இல்லை. நடுவில் ஒரு பாட்டி பெல் அடித்தார். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி வைத்தாள். அனுமதி கிடைத்தது. கையில் பிடித்துக் காட்ட ஒரு காகிதம்கூட இல்லாத, இணையத்தில் மட்டும் இருக்கிற அனுமதி. மூன்று வருடம் கழித்து போலந்தில் உள்ள கிராக்கோவுக்கே போய்விட்டாள்.

இதை வைத்து உடனே பிரிந்துவிடுவோம் என்று நான் சொல்லவில்லை. நாளைக்கே கேள்வி வந்தாலும் எந்தப் பக்கம் குறி போடுவேன் என்று எனக்கே தெரியாது. எந்த நிபந்தனையில் அந்தக் கேள்வி மறுபடி வரும் என்பதை மட்டும் எழுதிக் கொடுங்கள் என்கிறேன்.

இதுவரை வந்த பதில்களைப் பாருங்கள். 2017இல் 'இது சமயமல்ல' என்றார் அன்றைய பிரதமர் தெரசா மே. 2021இல் சுதந்திரம் கேட்கும் கட்சிகளுக்கு எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் 129க்கு 72 இடம் கிடைத்தது, அதுவும் போதவில்லை. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம், லண்டன் சம்மதிக்காமல் இங்கே வாக்கெடுப்புச் சட்டம் போட முடியாது என்று ஒருமனதாகச் சொன்னது. சட்டம் அப்படி என்றால் சரி. ஆனால் சம்மதம் எப்போது கிடைக்கும் என்று நீதிமன்றமும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. தலைமுறைக்கு ஒரு முறைதான் என்று 2014இல் எங்கள் தலைவர்களே சொன்னார்களாம். சொன்னார்கள்தான். ஒரு தலைமுறை என்றால் எத்தனை வருடம்? வடஅயர்லாந்துக்கு 1998 சட்டத்திலேயே வழி எழுதியிருக்கிறது: பிரிட்டனை விட்டு அயர்லாந்தோடு சேரப் பெரும்பான்மையோர் விரும்புவதாகத் தோன்றினால் அமைச்சர் வாக்கெடுப்பு வைத்தாக வேண்டும், இரண்டு வாக்கெடுப்புக்கு நடுவே ஏழு வருட இடைவெளி வேண்டும். எங்களுக்கு ஏன் அப்படி ஒரு பக்கம்கூட இல்லை? விரும்பிச் சேர்ந்த ஒன்றியம் என்று, இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒன்றான 1707ஐக் காட்டிப் பேசுகிறீர்கள். வெளியே போகும் வழி எங்கே என்று கேட்டால், போகத்தான் கேட்கிறாள் என்று எடுத்துக்கொள்கிறீர்கள்.

எடின்பரோவில் ஆட்சியில் இருக்கும் சுதந்திரக் கட்சிக்காரர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். 2017இல் ஜன்னலைப் பெயிண்டில் வரைந்து ஒரு கப்பலைத் தண்ணீரில் இறக்கினீர்கள். அது பயணிகளை ஏற்றியது 2025 ஜனவரியில். தீவுக்காரர்கள் அதுவரை காத்துக்கிடந்தார்கள். எதைக் கேட்டாலும் சுதந்திரம் வந்ததும் சரியாகிவிடும் என்கிறீர்கள். 2024 பிரிட்டன் பொதுத்தேர்தலில் ஸ்காட்லாந்தின் 57 இடத்தில் உங்களுக்கு 9தான் கிடைத்தது என்றால், அதில் என்னைப் போன்றவர்களின் சலிப்பும் கொஞ்சம் உண்டு. உங்களுக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும், அப்புறம் பார்க்கலாம்.

பிரதமர் அவர்களே, கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான்: எத்தனை வருடம், எத்தனை இடம், எத்தனை சதவீதம் என்று ஒரு விதி. எனக்குப் பிடிக்காத விதியாக இருந்தாலும் பரவாயில்லை. பதில் ஒரே பக்கத்தில் இருந்தால் நல்லது. ஃப்ரிட்ஜில் அந்த ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் அவ்வளவுதான் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
2014இல் 'வேண்டாம்' போட்ட ஒரு கிளாஸ்கோக்காரி