ஃபிஷிங் மெயிலைச் சும்மா ஃபார்வர்டு செய்தால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஃபிஷிங் மெயில், அதாவது நம்பகமான நிறுவனம்போல நடித்துப் பாஸ்வேர்டு போன்றவற்றைப் பறிக்கும் மோசடி மெயில், வந்தால் புகார் கொடுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எப்படிக் கொடுப்பது என்று சொல்வோர் குறைவு. பலரும் மெயிலை வழக்கம்போல ஃபார்வர்டு செய்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். அதில் துப்புத் துலக்க உதவும் பகுதியே தொலைந்துபோகிறது.

ஒவ்வொரு மெயிலோடும் ஹெடர் என்ற மறைவான பகுதி வருகிறது. மெயில் எந்தெந்த சர்வர் வழியாக வந்தது, அனுப்பியவர் முகவரி போலியா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் சோதனைகளில் தேறியதா என்ற விவரமெல்லாம் அதில்தான் இருக்கும். சாதாரணமாக ஃபார்வர்டு செய்தால் அது போய், உங்கள் பெயரில் புது ஹெடர் ஏறிவிடும். போதாக்குறைக்கு, மோசடி லிங்க் உங்கள் முகவரியிலிருந்து கிளம்புவதால் உங்கள் மெயிலே ஸ்பேமில் விழலாம். ஸ்கிரீன்ஷாட்டிலும் ஹெடர் இருக்காது. லிங்க் உண்மையில் எங்கே போகிறது என்பதும் தெரியாது.

மெயிலை அட்டாச்மென்ட்டாக அனுப்புவதே சரி. கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அந்த மெயிலைத் தேர்ந்தெடுத்து, மேலே உள்ள மூன்று புள்ளி மெனுவில் ‘ஃபார்வர்டு ஆஸ் அட்டாச்மென்ட்’ கொடுத்தால், முழு மெயிலும் அப்படியே அடங்கிய இஎம்எல் கோப்பாக ஹெடரோடு சேர்ந்து போகும். தண்டர்பேர்ட், ஆப்பிள் மெயில் இரண்டிலும் இதே வசதி உண்டு. இதை உங்கள் அலுவலகப் பாதுகாப்புப் பிரிவுக்கோ, எந்த நிறுவனத்தின் பெயரில் மோசடி நடக்கிறதோ அந்த நிறுவனத்துக்கோ அனுப்பலாம். புகார் முகவரியை அந்த மெயிலிலேயே தேடாதீர்கள்; நிறுவனத்தின் இணையதளத்தை நீங்களே டைப் செய்து திறந்து எடுங்கள்.

மெயில் சேவைக்குத் தெரிவிப்பது இன்னும் சுலபம். ஜிமெயிலில் ‘ரிப்ளை’ பக்கத்திலுள்ள மூன்று புள்ளியில் ‘ரிப்போர்ட் ஃபிஷிங்’ இருக்கிறது. ‘ஸ்பேம்’ வேறு, இது வேறு. சலிப்பூட்டும் விளம்பரங்களையெல்லாம் ஃபிஷிங் என்று அழுத்துவது மோசடி மெயிலைப் பிரித்தெடுக்கும் வடிகட்டியைத்தான் குழப்பும். புகார் கொடுத்த பிறகே அழியுங்கள்.

லிங்க்கைச் ‘சும்மா திறந்து பார்ப்பது’ வேண்டவே வேண்டாம். பல லிங்க்குகளின் வாலில் உங்கள் மெயில் முகவரியே சங்கேதமாக ஒட்டியிருக்கும். திறந்த நொடியில், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று மோசடிக்காரருக்குத் தெரிந்துவிடும். அதில் வரும் ‘அன்சப்ஸ்கிரைப்’ பட்டனும் அதே ரகம். வெளியிலிருந்து ஏறும் படங்களும் இதே வேலையைச் செய்யும் என்பதால், செட்டிங்ஸில் படங்கள் தானாக ஏறுவதை நிறுத்திவைப்பது நல்லது. கணினியில் மவுஸை லிங்க் மீது வைத்தால் போதும், உண்மையான முகவரி கீழ் ஓரத்தில் தெரியும். யாருக்காவது அந்த முகவரியை எழுதி அனுப்ப வேண்டியிருந்தால், அதிலுள்ள புள்ளியைச் சதுர அடைப்புக்குள் [.] என்று போட்டு, தட்டினாலும் திறக்காதபடி முடக்கி அனுப்புங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘ஜாக்கிரதை’ என்று எழுதி லிங்க்கையும் ஒட்டி அனுப்புகிறார்களே, அந்த அக்கறையே ஆபத்து: யாராவது ஒருவர் தட்டத்தான் செய்வார்.

ஏற்கெனவே பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டவர்கள் புகாரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக்அவுட் செய்யுங்கள். அடுத்து மெயில் செட்டிங்ஸில் ஃபில்டர், ஃபார்வர்டிங், கணக்கை மீட்க உதவும் ரெக்கவரி முகவரி மூன்றையும் திறந்து பாருங்கள். உள்ளே நுழைந்தவர் ஒரு ஃபார்வர்டிங் விதியைப் போட்டுவைத்திருந்தால், பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் உங்களுக்கு வரும் மெயில்கள் அவருக்குப் போய்க்கொண்டே இருக்கும்.