பாலாற்று மணலில் படுத்திருக்கும் உன் இரண்டு பையன்கள்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய சினிமாக் கதையை ராத்திரியே படித்து முடித்துவிட்டேன். நம் பக்கத்தில் கதை எழுதுகிற மற்றப் பசங்களும் படிக்கட்டும் என்றுதான் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

வாணியம்பாடியில் வேலைவெட்டி இல்லாத இரண்டு பேர், நாளெல்லாம் பாலாற்று மணலில் கிடக்கிறார்கள். தலையில் தேய்த்த சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிற காட்சியில் வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் நம் வீட்டுக் கிணறு ஞாபகம் வந்தது. அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் குண்டான் அடியில் சுண்ணாம்பு பூசினது மாதிரி வெள்ளையாகப் படியும். அம்மா புளி போட்டுத் தேய்ப்பார், மறுநாள் மறுபடியும் படிந்திருக்கும். அதையும் சேர்த்துக்கொள்.

இடைவேளைக்கு அப்புறம்தான் எனக்குச் சம்மதமில்லை. இரண்டு பேரும் திடீரென்று திருந்தி மைக் பிடிக்கிறார்கள். வேண்டாம்டா, சோம்பேறிகளாகவே இருக்கட்டும். வேலைக்குப் போகிறவன் விடிந்ததும் தோல் பதனிடும் டேனரிக்கோ ஷூ கம்பெனிக்கோ பஸ் ஏறிவிடுகிறான். ஆற்றைப் பார்க்க அவனுக்கு ஏது நேரம்? மழை பெய்த ராத்திரி டேனரிக் கழிவு நாற்றம் எந்தப் பக்கமிருந்து வந்தது, விடிந்ததும் எந்தத் திருப்பத்தில் நுரை மிதந்தது என்பதெல்லாம் அங்கேயே படுத்துக் கிடந்தவனுக்குத்தான் தெரியும். உன் கதையின் உயிர் அங்கே இருக்கிறது.

கோர்ட் வசனம் ஒரு பக்கம் ஓடுகிறது. பாலாற்றில் டேனரிக் கழிவு கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் போட்ட வழக்கு, 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று சொன்னது எல்லாம் சரி. ஆனால் அதே தீர்ப்பில் ஒரு கணக்கு வருகிறது: ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தி முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர். அது ஒன்று போதும். உன் சோம்பேறி ஒரு ஷூவைக் கையில் தூக்கிப் பார்த்து, இது எத்தனை குடம் என்று விரல் விட்டு எண்ணட்டும்.

இன்னொன்று. டேனரி முதலாளியை மீசை முறுக்கும் வில்லனாக்கிவிட்டுத் தப்பிக்காதே. நம் பெரியப்பா முப்பது வருஷம் சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டினார். உள்ளங்கை வெடித்து, குழம்பு பட்டால் எரிகிறது என்று ஸ்பூனில்தான் சாப்பிட்டார். அந்தச் சம்பளத்தில்தான் மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தார். அவர் மாதிரி ஒருத்தர் உன் பையன்களில் ஒருவனுக்கு அப்பாவாக இருக்கட்டும். "வேலைக்குப் போடா" என்று தினமும் திட்டுகிறவர் அவர்தான். அந்த வேலைக்கு மகனை அனுப்ப மனசு வராமல் தவிக்கிறவரும் அவர்தான். பையன் ஏன் மணலில் கிடக்கிறான் என்பதற்குத் தனியாக வசனமே வேண்டியிருக்காது.

பொங்கலுக்கு வரும்போது ஒரு நாள் கூடுதலாகத் தங்கு. பெரியப்பாவிடம் உட்கார்ந்து பேசு. கையைக் காட்டச் சொல்.

அன்புடன்,
அக்கா