இறையருளும் அரியணையும்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த பாரசீகக் காவியக் கட்டுரை, ‘மதமும் அரசும் உடன்பிறந்தவை’ என்பதோடு நின்றுவிட்டது. பாரசீக அரசர்களின் கதைகளைச் சொல்லும் ஷாநாமா காவியத்தில் அந்தக் கருத்து இருப்பது உண்மைதான். பாரசீகத்தை ஆண்ட சசானிய வம்சத்தை நிறுவிய அர்தஷீர் தன் மகன் ஷாப்பூருக்குச் சொல்லும் அறிவுரை அது. ஆனால் 1010-இல் ஃபிர்தௌசி முடித்த அந்தக் காவியம் அரசர்களுக்கு அவ்வளவு சுலபமாக நற்சான்று தருவதில்லை.

‘ஃபர்’ என்கிற தெய்வ ஒளி இருக்கும்வரைதான் ஒருவன் அரசன். நெசவும் மருத்துவமும் மக்களுக்குத் தந்த அரசன் ஜம்ஷீத், உலகைப் படைத்தவன் என்று தன்னை அழைக்கச் சொன்னதும் அந்த ஒளி அவனை விட்டுப் போய்விடுகிறது. அப்புறம் படையும் போகிறது, நாடும் போகிறது.

இதைவிட என்னை உலுக்குவது இளவரசன் இஸ்ஃபந்தியாரின் கதை. பாரசீகத்தின் பழைய மதமான ஜரதுஷ்டிர மதத்துக்காகவே போர் செய்தவன் அவன். காவியத்தின் மாவீரன் ருஸ்தமோடு மோதினால் மகன் சாவான் என்று தெரிந்தும், அரியணையை விட மனமில்லாத அவன் தந்தை, அரசன் குஷ்தாஸ்ப், ருஸ்தமை விலங்கிட்டு இழுத்துவர அவனை அனுப்புகிறான். அரச கட்டளையை மீறினால் நரகம் என்று நம்பிப் போகிறான் மகன். கண்ணில் அம்பு பாய்ந்து கிடக்கும்போது, என்னைக் கொன்றது ருஸ்தம் இல்லை, என் தந்தைதான் என்கிறான். அந்த மதத்தை முதலில் ஏற்ற அரசனே மகனைப் பலி கொடுக்கிறான்! இதைச் சொல்லாமல் அர்தஷீரின் அறிவுரையை மட்டும் சொல்வது ஃபிர்தௌசிக்குச் செய்யும் அநியாயம். இந்தப் பகுதியைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

– ஒரு வாசகர், மதுரை