செயலாளரின் ஆண்டறிக்கை 2024–2025: ரஷ்ய வரலாறு, பண்பாடு வினாடி வினா

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, மன்ற உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு முடிவு செய்தபடி இந்த ஆண்டின் வினாடி வினாப் பொருளாக ரஷ்யாவின் வரலாறும் பண்பாடும் அமைந்தன. மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. சந்தா, வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எனவே இந்த அறிக்கை பெரும்பாலும் வினாத்தொகுப்பைப் பற்றியே பேசுகிறது. ரஷ்யாவைப் பற்றிக் கேள்வி எழுதுவது எளிது. ஒரே ஒரு விடைதான் வரும் என்று சொல்லும்படி எழுதுவது கடினம். அந்த நாட்டில் நாட்காட்டி மாறியிருக்கிறது, ஊர்ப்பெயர்கள் மாறியிருக்கின்றன, எல்லைகளும் மாறியிருக்கின்றன. இவற்றைக் கேள்விக்குள்ளேயே தெளிவாக்காமல் விட்டால், ஆழ்ந்து படித்துவிட்டு வருபவர் மதிப்பெண் இழப்பார். மேலோட்டமாக மனப்பாடம் செய்தவர் தப்பித்துக்கொள்வார். அப்படி நடக்கக் கூடாது என்பதே வினாக்குழுவின் முதல் கவலையாக இருந்தது.

போட்டி இரண்டு கட்டம். முதற்சுற்று எழுத்துத் தேர்வு: 30 கேள்விகள், 30 நிமிடம். அவற்றில் வரலாறு 12, இலக்கியம் 6, இசை, பாலே, ஓவியம் சேர்த்து 6, அறிவியலும் விண்வெளியும் 3, நிலவியலும் வாழ்க்கை முறையும் 3. இருவர் கொண்ட ஆறு அணிகள் இறுதிச்சுற்றுக்கு வரும். அங்கே நேரடிக் கேள்வி, படச்சுற்று, ஒலிச்சுற்று, பஸ்ஸர் சுற்று. சரியான விடைக்கு 10 மதிப்பெண். பஸ்ஸர் சுற்றில் மட்டும் தவறான விடைக்கு 5 குறையும். சமநிலை வந்தால் எண் கேள்வி. சரியான எண்ணுக்கு அருகில் சொல்பவர் வெல்வார். மாஸ்கோவிலிருந்து விளாதிவஸ்தோக் வரையான சைபீரிய ரயில்பாதையின் நீளம் (9,288 கிலோமீட்டர்), பைக்கால் ஏரியின் ஆழம் (1,642 மீட்டர்), முதல் ஸ்புட்னிக்கின் எடை (83.6 கிலோ) போன்றவை இதற்கு ஏற்றவை. யாரும் துல்லியமாக மனத்தில் வைத்திருக்க மாட்டார்கள், ஆனால் அறிவுள்ள ஊகத்துக்கு இடம் உண்டு.

இனி, அதிகம் சறுக்கும் இடமான நாட்காட்டி.

1918 வரை ரஷ்ய அரசு பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. அந்த ஆண்டு ஜனவரி 31-க்கு அடுத்த நாளைப் பிப்ரவரி 14 என்று வைத்துக் கணக்கை நேர் செய்தார்கள். அக்டோபர் புரட்சி நவம்பர் 7-இல் கொண்டாடப்பட்டதன் காரணம் இதுவே. பழைய கணக்கில் அது 1917 அக்டோபர் 25. இதுவரை போட்டியாளர்களுக்குத் தெரிகிறது. தவறு அடுத்த படியில் வருகிறது: எந்த நூற்றாண்டு ஆனாலும் 13 நாள் கூட்டிவிடுகிறார்கள். 1700, 1800, 1900 ஆகிய ஆண்டுகள் ஜூலியன் கணக்கில் லீப் ஆண்டுகள், புதிய கணக்கில் (இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டியில்) அல்ல. ஆகவே ஒவ்வொரு முறையும் இடைவெளி ஒரு நாள் கூடுகிறது. 18-ஆம் நூற்றாண்டுத் தேதிக்கு 11, 19-ஆம் நூற்றாண்டுக்கு 12, 20-ஆம் நூற்றாண்டுக்கு 13 கூட்ட வேண்டும். புஷ்கின் பிறந்தது 1799 மே 26. புதிய கணக்கில் ஜூன் 6. ஜார் ஆட்சியை எதிர்த்த படை அதிகாரிகளான டிசம்பரிஸ்டுகளின் எழுச்சி 1825 டிசம்பர் 14. புதிய கணக்கில் 26. பண்ணையடிமை முறையை ஒழித்த சாசனம் 1861 பிப்ரவரி 19. புதிய கணக்கில் மார்ச் 3.

இங்கே ஒரு சிக்கலை உறுப்பினர்கள் அறிந்துகொள்வது நல்லது. நெப்போலியனை எதிர்த்த பொரொதினோ போர் 1812 ஆகஸ்ட் 26-இல் நடந்தது. 12 நாள் கூட்டினால் செப்டம்பர் 7. ஆனால் ரஷ்யாவின் இராணுவப் பெருமை நாட்களைப் பட்டியலிடும் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் செப்டம்பர் 8 என்கிறது. 1380-இல் நடந்த குலிக்கோவோ போருக்கும் இதே கதி. பழைய கணக்கில் செப்டம்பர் 8. அந்த நூற்றாண்டுக்குரிய 8 நாளைக் கூட்டினால் 16. சட்டத்தில் 21 என்று இருக்கிறது. இரண்டிலும் 13 கூட்டிவிட்டார்கள். ரஷ்ய மூலத்தைப் பார்த்துப் படித்த ஒருவர் பொரொதினோவுக்குச் செப்டம்பர் 8 என்று எழுதினால் அவரைத் தண்டிப்பது நியாயமில்லை. எனவே வினாக்குழு விதி வகுத்தது: நாள் கேட்கும் கேள்வியில் எந்த நாட்காட்டி என்பதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும், இல்லையென்றால் ஆண்டை மட்டும் கேட்க வேண்டும். ரஷ்யத் திருச்சபை இன்றும் பழைய நாட்காட்டியில் நிற்பதால் அங்கே கிறிஸ்துமஸ் ஜனவரி 7-இல் வருகிறது. இதை மாணவர்களிடம் முதலில் சொல்லிவிட்டால் மற்றவை தாமே விளங்குகின்றன.

ஊர்ப்பெயர்களில் இவ்வளவு சிரமம் இல்லை, ஆனால் கேள்வியில் காலம் தெளிவாக வேண்டும். 1703-இல் ஜார் பீட்டர் நிறுவிய நகரம் 1914-இல் பெட்ரோகிராட், 1924-இல் லெனின்கிராட், 1991-இல் மீண்டும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். ‘புரட்சியின்போது தலைநகரம் எது?’ என்றால் பெட்ரோகிராட் என்பதே விடை. லெனின்கிராட் என்று எழுதியவருக்கு மதிப்பெண் தர முடியாது, ஏனெனில் அப்பெயர் லெனின் மறைந்த பிறகு வந்தது. தலைநகரம் பீட்டர்ஸ்பர்க்கிலேயே தொடர்ந்து இருந்ததாக நினைப்பதும் பரவலான தவறு. இரண்டாம் பீட்டர் காலத்தில் 1728 முதல் சில ஆண்டுகள் அரசவை மாஸ்கோவுக்குத் திரும்பியது. 1918 மார்ச்சில் நிரந்தரமாகத் திரும்பியது. வோல்காக் கரையிலுள்ள த்ஸாரித்சின் 1925-இல் ஸ்டாலின்கிராட் ஆகி, 1961-இல் வோல்கோகிராட் ஆனது. கடைசி ஜார் குடும்பத்தோடு சுடப்பட்ட ஏகாதெரின்பர்க், சோவியத் காலத்தில் ஸ்வெர்த்லோவ்ஸ்க் என்று அழைக்கப்பட்டது. நகரம் பழைய பெயரை மீட்டுக்கொண்ட பின்னும் அதைச் சுற்றியுள்ள மாகாணம் இன்றும் ஸ்வெர்த்லோவ்ஸ்க் மாகாணமே. லெனின்கிராட் மாகாணமும் அப்படித்தான். படம் பார்த்து ஊர் சொல்லும் சுற்றில் இது உதவும்.

எல்லையைப் பற்றிச் செயற்குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. அதைச் சற்று விரிவாகவே பதிவு செய்கிறேன். சோவியத் ஒன்றியத்தை ரஷ்யா என்று எழுதும் பழக்கம் நம் பாடநூல்களிலும் நாளேடுகளிலும் வேரூன்றிவிட்டது. அதனால் ‘ரஷ்யாவில் பிறந்த’, ‘ரஷ்யாவில் உள்ள’ என்று தொடங்கும் கேள்விகள் பெரும்பாலும் உடைகின்றன. ககாரின் புறப்பட்ட பைக்கனூர் கஜகஸ்தானில் இருக்கிறது. கோகோல் பிறந்த சொரோச்சின்ட்ஸியும் ஓவியர் ரேப்பின் பிறந்த சுகூயிவும் விண்கலப் பொறியாளர் கொரல்யோவ் பிறந்த ஜித்தோமிரும் இன்றைய உக்ரைனில் உள்ளவை. ஸ்டாலின் ஜார்ஜியாவின் கோரியில் பிறந்தவர். பேரரசி இரண்டாம் காதரின் ஸ்டெட்டினில் பிறந்த ஜெர்மன் இளவரசி; அந்த ஊர் இப்போது போலந்தில். 988-இல் கிறித்தவத்தை ஏற்ற விளாதிமிர் கீவை ஆண்டவர். அவரை ரஷ்யர், உக்ரைனியர், பெலாரசியர் மூவருமே தம் வரலாற்றின் தொடக்கத்தில் வைக்கிறார்கள். இதற்காக இவர்களையெல்லாம் போட்டியிலிருந்து நீக்கிவிட வேண்டியதில்லை. கேள்வியை மாற்றி எழுதினால் போதும். ‘ரஷ்ய மொழியில் எழுதிய’, ‘ரஷ்யப் பேரரசை ஆண்ட’, ‘சோவியத் விண்கலத்தில் சென்ற’ என்று குறிப்பிட்டால் கேள்வி உறுதியாகும், யாருடைய மண்ணையும் இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்ததாகவும் ஆகாது. பீட்ரூட் சூப்பான போர்ஷ்ட்டை ‘ரஷ்யாவின் தேசிய உணவு’ என்று கேட்கும் பழைய கேள்வியையும் நீக்கினோம். உக்ரைனியப் போர்ஷ்ட் சமையலை யுனெஸ்கோ 2022-இல் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதற்குப் பதிலாகச் சமோவார் செய்வதில் பெயர்பெற்ற நகரம் எது என்று கேட்டோம் (துலா).

‘முதல்’ என்ற சொல்லும் எச்சரிக்கை தேவைப்படும் ஒன்று. ஜாராக முடிசூடிய முதல்வர் நான்காம் இவான், 1547. பேரரசர் பட்டம் ஏற்ற முதல்வர் பீட்டர், 1721. ‘ரஷ்யாவின் முதல் மன்னர்’ என்று பொதுவாகக் கேட்டால் ஒன்றுக்கு மேற்பட்டவரைச் சொல்லலாம், ஒவ்வொருவருக்கும் ஆதாரம் காட்டலாம். விண்வெளிச் சுற்றிலும் இதே நிலை. விண்வெளிக்குச் சென்ற முதல் பெண் தெரெஷ்கோவா (1963). கலத்துக்கு வெளியே மிதந்த முதல் மனிதர் லியோனொவ் (1965). வெளியே வந்த முதல் பெண் சவீத்ஸ்கயா (1984). மூன்றாவது கேள்விக்கும் தெரெஷ்கோவா என்றே பலர் எழுதுகிறார்கள்.

ஆள்பெயர்களில் இரண்டு ஏற்பாடு. முதலாவது, தந்தைவழிப் பெயர், அதாவது தந்தையின் பெயரிலிருந்து அமையும் நடுப்பெயர். டால்ஸ்டாய் என்ற குடும்பப் பெயரில் மூன்று எழுத்தாளர்கள் உண்டு: லேவ் நிக்கலாயெவிச், அலெக்சேய் கன்ஸ்தந்தீனவிச், அலெக்சேய் நிக்கலாயெவிச். பின்னிருவரைக் கேட்கும்போது தந்தைவழிப் பெயர் இல்லாமல் விடையை ஏற்பதில்லை. அலெக்சாந்தர்களுக்கும் எண் கட்டாயம்: நெப்போலியன் காலத்தவர் முதலாமவர், பண்ணையடிமைகளை விடுவித்து 1881-இல் குண்டுவீச்சில் இறந்தவர் இரண்டாமவர். இரண்டாவது, எழுத்துக்கூட்டல். முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் மாஸ்கோவில் அச்சிட்ட தமிழ் நூல்கள் ரஷ்ய ஒலியை ஒட்டி எழுதின. நாளேடுகள் ஆங்கில வழியில் எழுதுகின்றன. தல்ஸ்தோய், டால்ஸ்டாய் இரண்டும் சரி. தஸ்தயேவ்ஸ்கி, டாஸ்டாயெவ்ஸ்கி இரண்டும் சரி. ஒலி அடையாளம் தெரிந்தால் மதிப்பெண் உண்டு. வேறொரு ஆளின் பெயராகிவிடும் எழுத்துப் பிழைக்கு மட்டும் இல்லை. இந்த மாற்று வடிவங்களின் பட்டியலை விடைத்தாள் திருத்துவோர் கையில் முன்கூட்டியே கொடுத்ததால் முறையீடுகள் வெகுவாகக் குறைந்தன.

படச்சுற்றில் இரண்டு தேவாலயங்கள் மீண்டும் மீண்டும் குழப்பின. வண்ண வெங்காயக் கோபுரங்கள் கொண்ட தூய பசில் பேராலயம் மாஸ்கோவின் செஞ்சதுக்கத்தில், கசான் வெற்றியின் நினைவாக 1555–1561-இல் கட்டப்பட்டது. அதன் சாயலில் 1883–1907-இல் பீட்டர்ஸ்பர்க்கின் கால்வாய்க் கரையில் எழுந்தது இன்னொன்று. இரண்டாம் அலெக்சாந்தர் தாக்கப்பட்ட அதே இடம். படத்தில் தண்ணீர் தெரிந்தால் இரண்டாவது என்று எண்ணிக்கொள்ளலாம். பசில் பேராலயத்தைக் கிரெம்ளின் என்று சொன்ன அணிகளும் உண்டு. கிரெம்ளின் என்பது மதில் சூழ்ந்த கோட்டை, பேராலயம் அதன் மதிலுக்கு வெளியே நிற்கிறது. கசான், துலா, நீழ்னி நோவ்கரோத் நகரங்களிலும் கிரெம்ளின்கள் உள்ளன. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மாத்ரியோஷ்கா பொம்மையைப் பழங்காலத்தது என்றே எல்லா அணியும் நினைத்தன. அது 1890-களில்தான் பிறந்தது. ஓவியர் மல்யூத்தின் வரைந்த முதல் தொகுதியில் எட்டுப் பொம்மைகள்.

ஒலிச்சுற்றில் ஒவ்வொரு துண்டும் 40 விநாடி. முஸோர்க்ஸ்கியின் ‘கண்காட்சி ஓவியங்கள்’ 1874-இல் பியானோவுக்கு எழுதப்பட்டது. நாம் வழக்கமாகக் கேட்கும் ஆர்கெஸ்ட்ரா வடிவம் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் 1922-இல் அமைத்தது. ‘யாருடைய இசை?’ என்று மட்டும் கேட்டால் இருவரும் விடையாவர். ‘முதலில் இயற்றியவர்’ என்று கேட்க வேண்டும். சைகோவ்ஸ்கியின் 1812 முன்னிசை 1880-இல் எழுதப்பட்டது. அதில் ஒலிக்கும் ஜார் கீதம் 1833-இல் வந்தது. 1812-இல் அது கிடையாது. இசையைக் கேட்டு வரலாற்றை யோசிக்க வைக்கும் இத்தகைய கேள்வி இன்னும் பல வேண்டும்.

நம் மண்ணோடு தொடர்புள்ள கேள்விகளுக்கு ஒரு சிறு பகுதி ஒதுக்கினோம். இசைக் கலைஞர் கெராசிம் லேபெதெவ் 1785-இல் சென்னை வந்து சேர்ந்தார். பின்னர் கல்கத்தாவில் 1795-இல் வங்காள மொழி நாடகத்தை மேடையேற்றினார். டால்ஸ்டாய் 1908-இல் எழுதிய ‘ஓர் இந்துவுக்குக் கடிதம்’ திருக்குறளின் இன்னாசெய்யாமை அதிகாரக் குறள்களை எடுத்தாள்கிறது. கடிதம் யாருக்கு என்றால் ஏறக்குறைய எல்லோரும் காந்திக்கு என்கிறார்கள். அது இந்தியப் புரட்சியாளர் தாரக்நாத் தாஸுக்கு எழுதப்பட்டது. காந்தி தம் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் வெளியிட்டதால் இந்த மயக்கம். கூடங்குளம் ஒப்பந்தம் கையெழுத்தான ஆண்டு 1988 என்பதில் யாரும் தவறவில்லை.

வரும் ஆண்டுக்காகச் செயற்குழு பொதுக்குழுவின் முன் வைக்கும் முன்மொழிவுகள் இவை. விடையை முதலில் எழுதி அதற்குக் கேள்வி அமைக்க வேண்டும். ஒவ்வொரு விடைக்கும் ஒன்றையொன்று சாராத இரண்டு ஆதாரங்கள் வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்று பெயர்த்தெழுதியது எனத் தெரிந்தால் இரண்டும் ஒன்றாகவே எண்ணப்படும். எழுதியவர் அல்லாத ஒருவர், இரண்டாவது விடை வருமா என்று வேண்டுமென்றே தேடிப் பார்க்க வேண்டும். கேள்வியை உரக்கப் படித்து, 15 விநாடிக்குள் முடியாவிட்டால் சுருக்க வேண்டும். ஆண்டு மட்டும் கேட்கும் கேள்விகள் முதற்சுற்றில் ஐந்துக்கு மேல் கூடாது. படச்சுற்றுக்கு நல்ல ப்ரொஜெக்டர் ஒன்றை வாடகைக்கு எடுக்கப் பொருளாளர் ஒதுக்கீடு கோருகிறார். திருத்திய வினாத்தொகுப்பு மன்ற நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளது. உறுப்பினர்கள் எடுத்துப் படித்து, ஐயமுள்ள விடைகளை அடுத்த மாதக் கூட்டத்துக்குள் எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வினாக்குழுவினருக்கும் நடுவர்களுக்கும் அரங்கம் தந்து உதவியோருக்கும் மன்றத்தின் நன்றி. இவ்வறிக்கையையும் மேற்கண்ட முன்மொழிவுகளையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இவண்,
செயலாளர்